பாவு தீர்ந்தால் போகலாம்

பொன்னிழை பட்டு நெசவாளர் சங்கம் யாரையும் கட்டி வைக்கவில்லை. தலைவர் கமலக்கண்ணன் இதை வருஷத்துக்கு மூன்று கூட்டங்களில் மைக் பிடித்துச் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார். ஆரணியில் இத்தனை சங்கங்கள் இருக்க, கேட்காமலே இப்படி உறுதி கொடுக்கிற சங்கம் நம்முடையது ஒன்றுதான் என்று உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விதி மிகவும் எளிமையானது. பாவு தறியில் இருக்கும்போது நெசவாளர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பாவு தீர்ந்தால் தாராளமாகப் போகலாம். காசிக்குப் போகலாம், வேளாங்கண்ணிக்குப் போகலாம், சங்கம் ஒரு வார்த்தை கேட்காது.

இதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றாவது சேலை முடிகிற சமயத்தில், பழைய பாவின் வால் தறியில் இருக்கும்போதே, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். பிணைக்காமல் விட்டால் நாலாயிரம் இழையையும் முதலிலிருந்து தறியில் கோக்க வேண்டும். மனுஷன் செத்தான். ஆகவே ஓடுகிற எந்தத் தறியிலும் பாவு தீர்வதே இல்லை. ஒன்றின் வாலில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சங்கத்துக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தலைவரே நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் விதி விதிதானே. 'கடந்த ஆறு ஆண்டுகளில் ஒரு வெளியூர் விண்ணப்பம்கூட நிராகரிக்கப்படவில்லை' என்று அலுவலகச் சுவரில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். சத்தியமான வார்த்தை. தறி காலி என்ற சான்று இல்லாத விண்ணப்பத்தை அவர்கள் கையால் வாங்குவதே இல்லை. கொரோனா வந்து நாடே வீட்டுக்குள் அடங்கியபோது, 'நாம் ஒரு வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டோம்' என்று தங்களுக்குத் தாங்களே பாராட்டுத் தீர்மானம் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

இந்தச் சங்கத்தில் அடைக்கலசாமி ஓர் உறுப்பினர். வயது ஐம்பத்தெட்டு. மனைவி சூசைமேரி போய்ப் பத்து வருஷமாகிறது. ஒரே மகள் ஜெசி, சந்தவாசல் பையன் ராஜேஷை விரும்பி ஆறு வருஷத்துக்கு முன்னால் போளூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ராஜேஷ் வீட்டார் படவேட்டு ரேணுகாம்பாளைக் கும்பிடுகிறவர்கள், இவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கல்யாணத்துக்கு அடைக்கலசாமி போகவில்லை. சங்கம் விடவில்லை. விடவில்லை என்பதற்குக் கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதமே இருந்தது. அதை மகளிடம் காட்டினார். அவள் வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

சந்தவாசல் ஒன்றும் சீமையில் இல்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை அவர் ஆறு வருஷமாகத் தாண்டவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளன்று ஜெசி வருவாள். அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அப்பா வீட்டு வாசலில் நின்று பத்து நிமிஷம் பேசுவாள். ராஜேஷ் தெருமுனையில் பைக் மேல் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே வாங்க என்று இவரும் சொன்னதில்லை, வரட்டுமா என்று அவர்களும் கேட்டதில்லை.

மற்றபடி அடைக்கலசாமி வீட்டில் தறிச் சத்தம் ஒன்றுதான். அது நின்றால் வேறு சத்தம் கிடையாது. அந்த அமைதி அவருக்கு ஆகாது. சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி தறிக் குழியில் இறங்கிவிடுவார். அந்தத் தெருவிலேயே அதிகச் சேலை நெய்கிறவர் அவர்தான் என்று சங்கம் இரண்டுமுறை சால்வை போட்டிருக்கிறது. சால்வைகளைப் போர்த்திக்கொள்ளக் காரணம் எதுவும் வராததால் அவை கவர் பிரிக்காமலே கிடந்தன.

இந்த வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெசி வரவில்லை, போன்தான் வந்தது.

"ஏழாம் மாசம் பா, பைக்குல வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு நீயே மெழுகுவத்தி கொளுத்திடு."

"சரிம்மா."

"இருபத்தி மூணாந்தேதி எனக்கு வளைகாப்பு பா. ஞாயித்துக்கெழம, பத்தரைக்கு. ஆறு வருஷம் கழிச்சு உண்டானது, அதனால ஊரக் கூட்டி செய்யிறாங்க. எல்லாம் அவங்க சொந்தக்காரங்க பா. பொறந்த வூட்டு சைடுல ஒருத்தரும் இல்ல. நீ எதுவும் செய்ய வாணாம். சும்மா வந்து ஒக்காந்துகினு இருந்தா போதும்."

"சங்கத்துல கேட்டுப் பாக்குறேம்மா."

"சரி பா. கேட்டுப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை அடைக்கலசாமிக்கு நிஜமாகவே போக வேண்டும் என்றிருந்தது. பேரனோ பேத்தியோ, அதன் முன்னால் தான் யார் என்று சொல்லிக்கொள்ளவாவது போக வேண்டும். மறுநாள் காலை முதல் ஆளாகச் சங்கத்தில் போய் நின்றார்.

செயலாளர் சம்பந்தம் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். முடியாது என்பதை அவர் சொல்லக் கேட்டால், முடியும் என்று சொன்ன மாதிரியே இருக்கும்.

"தாராளமா போய்ட்டு வாங்க அடைக்கலசாமி. தறி காலின்னு ஆய்வாளர் ஒரு சர்டிபிகேட் குடுத்தார்னா, நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி வுடறேன்."

"தறி எப்பிடிங்க காலியாவும்?"

"அது உங்க டிபார்ட்மெண்ட்டு. நெசவு உங்களுக்குத் தெரியாததா?"

தறி ஆய்வாளர் ஜீவானந்தம் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். நோட்டில் எழுதினார்.

"பாவு இருக்குதுங்களே."

"சார், பாவு இல்லாம தறி ஏது சார்?"

"அது தத்துவம். அதுக்கெல்லாம் என் நோட்டுல கட்டம் இல்ல. இருக்குது, இல்ல. ரெண்டே கட்டம்."

"அப்போ இந்தப் பாவு முடிஞ்சதும் புதுசப் பிணைக்காம வுட்டுடறேன் சார். தறி காலியாயிடும் இல்ல?"

ஜீவானந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஒரு யோசனையை அவர் கேட்டதே இல்லை. சங்கத்துக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

"செய்யலாம். ஆனா பாவு இல்லாத தறி, செயலற்ற தறி. செயலற்ற தறி வெச்சிருக்கறவர் நெசவாளர் இல்ல. நெசவாளர் இல்லாதவர் நெசவாளர் விண்ணப்பம் போட முடியாதுங்க."

"நெசவாளரே இல்லன்னா எனக்கு விதியும் இல்லயே சார். சும்மாவே போலாமே?"

"போலாம். ஆனா நெசவாளர் இல்லன்னு சங்கம் சர்டிபிகேட் குடுக்கணும். அந்த விண்ணப்பத்த நெசவாளருங்க மட்டும்தான் போடலாம்."

ஜீவானந்தம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது, இப்படிப்பட்ட சந்தேகங்களால்தான் ஆய்வாளர் வேலை சுவாரஸ்யமாக இருக்கிறது என்று நன்றி சொன்னார்.

அடைக்கலசாமி மறுபடி சம்பந்தத்திடம் போனார். அவர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "அந்த விதி எங்கங்க எழுதியிருக்குது? ஒரு தபா படிச்சிப் பாக்குறேன். எங்கனா ஒரு சந்து இருந்தா நுழைஞ்சி போயிட்டு வந்துடுவேன்."

சம்பந்தம் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தார். துணைவிதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் புரட்டினார், பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். சிரிப்பு மெல்ல நின்றது. புத்தகத்தில் விதி இல்லை. சுற்றறிக்கைக் கட்டில் இல்லை. கணினியில் தேடினால் போன தீபாவளி வாழ்த்து வந்தது.

சும்மா விடுகிற சங்கமா அது? அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைவர் கமலக்கண்ணன் மைக்கை வாங்கினார்.

"விதியைக் காணோம் என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். காணாமல் போன விதிதான் ஐயா பலமான விதி! எழுதி வைத்த விதியை எவனும் படித்துவிடுவான். படித்தால் கேள்வி வரும். ஆறு வருஷமாக யாரும் படிக்காமலே அத்தனை பேரும் அடங்கி நடந்திருக்கிறீர்கள் என்றால், அது உங்கள் ஒழுக்கத்துக்கும் எங்கள் நிர்வாகத்துக்கும் கிடைத்த வெற்றி. நாங்கள் யாரையாவது தடுத்தோமா? வாசலில் ஆள் போட்டோமா? ஒரு பூட்டு வாங்கியிருக்கிறோமா? நீங்களாகவே நின்றீர்கள். அதற்காக இந்தச் சங்கம் தலை வணங்குகிறது."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. விதியைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். கண்டுபிடிக்கும் வரை, எந்த விதி என்று தெரியாததால், விதியை மிகக் கடுமையாக அமல்படுத்துவது என்று தீர்மானித்தார்கள்.

கடுமையாக அமல்படுத்த வேண்டுமென்றால் முதலில் எல்லை எது என்று தெரிய வேண்டும். அதற்கு இரண்டு பேர் சுண்ணாம்புச் சட்டியோடு கிளம்பி ஊரைச் சுற்றிக் கோடு போட்டார்கள். கோடு பழனி வீட்டுக்கு நடுவில் போனது. தறி இருக்கும் கூடம் ஊருக்குள்ளே, சமையலறை ஊருக்கு வெளியே. பழனி மூன்று நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கை நீட்டிச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். கை தாண்டலாமா என்று நாலாவது நாள் யாரோ மனு போட்டார்கள். மனு பரிசீலனையில் இருக்கிறது.

பழனியாவது தன் பக்கம் நிற்பான் என்று அடைக்கலசாமி நம்பினார். டீக்கடையில் அவனைப் பார்த்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழனி எழுந்து நின்றுகொண்டான்.

"யோவ், சும்மா இருக்க மாட்டியா நீ? ஆறு வருஷமா ஆடிக்கு மாமியார் வூட்டுக்குப் போவாம நிம்மதியா இருக்குறேன். சங்கம் வுடலன்னா எல்லாரும் வாய மூடிக்கிறாங்க. ரூலத் தேடுன்னு யார்யா உன்னக் கேட்டது? இல்லன்னு ஆயிட்டா இன்னா பண்றது?"

அப்போதுதான் அடைக்கலசாமிக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. ஒருவருக்குப் பாகப் பிரிவினைக்குப் போகாமலிருக்கச் சங்கம் வேண்டியிருந்தது. ஒருவருக்கு அண்ணனைப் பார்க்காமலிருக்க வேண்டியிருந்தது. ஒருவர் பழைய சிநேகிதனிடம் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும், சங்கம்தான் விடவில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த விதிக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். போர்வையை இழுக்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? அந்த வாரம் அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் ஸ்தோத்திரம் சொல்லக்கூட ஆள் இல்லை. தறிச் சத்தத்தையும் மீறி அந்த வீட்டில் தனிமை கேட்டது. பேஜாராகப் போயிற்று அவருக்கு. விதி கிடைத்தால் போதும், கிடைத்து அதில் போகக் கூடாது என்று இருந்தாலும் சரி, எல்லாரும் பழையபடி பேசினால் போதும் என்றுகூட ஒரு சமயம் நினைத்தார்.

துணைக்குழு விதியைக் கண்டுபிடித்துவிட்டது. அறிக்கை படிக்க ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொதுக்கூட்டம். அதே இருபத்தி மூன்றாம் தேதி. அடைக்கலசாமி வெள்ளை வேட்டி சட்டை போட்டு, ஒரு பையில் ஆரஞ்சுப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அனுமதி கிடைத்தால் ஜல்தியாக பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

சம்பந்தம் ஒரு பழுப்புக் கோப்பைப் பிரித்தார். "விதிக்கு மூலம் ஒரு உறுப்பினர் கடிதம். அதையே படிக்கிறேன்" என்றார்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் வரும் வெள்ளிக்கிழமை போளூரில் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். மாப்பிள்ளை எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. நான் போனால் இங்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். போகாவிட்டால் மகள் வருத்தப்படுவாள். ஆகையால், பாவு தறியில் இருக்கும்போது நெசவாளர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் கொடுத்தால் மிகவும் உபகாரமாக இருக்கும். அதை மகளிடம் காட்டிவிடுவேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள உறுப்பினர், ச. அடைக்கலசாமி."

கீழே பச்சை மையில் தலைவர் எழுதியிருந்தார்: 'நல்ல யோசனை. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் பாரபட்சம் ஆகும். எல்லோருக்கும் அமல்படுத்தவும்.'

அடைக்கலசாமி எழுந்து நின்றார். பொய் என்று சொல்லத்தான் எழுந்தார். அவர் மனசில் இருந்த கதை வேறு. அவர் போகிறேன் என்று கேட்டார், சங்கம் முடியாது என்றது. ஆறு வருஷமாக இதைத்தான் மகளுக்குச் சொன்னார், சூசைமேரி கல்லறைக்குச் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார். சம்பந்தம் கோப்பைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து அவருடையது. எழுதிய அன்று மை தீர்ந்து பக்கத்து வீட்டில் வேறு பேனா வாங்கியதும்கூட இப்போது ஞாபகம் வந்தது.

முன் வரிசையிலிருந்து கன்னியம்மாள் திரும்பினாள். ஒற்றைத் தறியில் நெய்து பிழைக்கிற பொம்பிளை, கூட்டத்தில் வாயே திறக்காதவள்.

"வெம்பாக்கத்துல எங்க அக்கா செத்தப்போ நான் போவலண்ணா" என்றாள். "சங்கத்துல வுட மாட்டாங்கன்னு வூட்லயே ஒக்காந்து அழுதேன். மொகத்தக்கூடப் பாக்கல. நீ எழுதின லெட்டராண்ணா அது?"

"ஆமாம்மா" என்றார். "நான் எழுதுனதுதான். எனக்கு வேணும்னு எழுதுனேன். உன் தலையில வந்து வுழும்னு தெரியாது." மன்னிப்பு என்ற வார்த்தை அந்த இடத்துக்கு மிகவும் சின்னதாக இருந்தது. கன்னியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் மைக்கைத் தட்டினார். "யாரும் உணர்ச்சிவசப்பட வேண்டாம். விதி உறுப்பினரின் விருப்பத்தில் பிறந்தது என்பது இன்று நிரூபணமாகிவிட்டது. இதைவிட ஜனநாயகம் எங்கே இருக்கிறது? அடைக்கலசாமி விரும்பினால் தன் மனுவை வாபஸ் வாங்க மனு போடலாம். வரும் மார்ச் மாதப் பொதுக்குழுவில் சாதகமாகப் பரிசீலிப்போம். அதுவரை அவர் பொறுமையாக..."

அதற்கு மேல் அடைக்கலசாமி கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். யாரும் தடுக்கவில்லை. வாசலில் ஆளும் இல்லை, பூட்டும் இல்லை, தலைவர் சொன்னது அத்தனையும் நிஜம்தான். பஸ் ஸ்டாண்டில் சந்தவாசல் வழியாகப் போகும் படவேடு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சுண்ணாம்புக் கோட்டை எந்த இடத்தில் தாண்டியது என்று பார்க்க வேண்டும் என்றிருந்தார். கண்ணில் நீர் நின்றதால் தெரியவில்லை. பஸ்ஸில் யார் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். இத்தனை வருஷமாக இந்த பஸ் தினமும் போய்க்கொண்டுதானே இருந்தது என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. சங்கத்தின் மேல் ஆத்திரப்படுவது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

சந்தவாசலில் இறங்கி வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பந்தல் போட்டிருந்தார்கள். கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக ஜெசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வயிறு இடம் கொடுக்கவில்லை. பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

"பா! சங்கம் வுட்டுச்சாப்பா?"

வுட்டுச்சும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சந்தோஷமாகச் சாப்பிடலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"சங்கம் என்னை எப்பவும் புடிச்சி வெக்கலம்மா" என்றார். "என்னை வுடாதீங்கன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். உன் கல்யாணத்துக்கு வந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்களோன்னு பயந்துட்டேன்."

ராஜேஷ் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் பா" என்றாள் ஜெசி.

"இன்னா தெரியும்?"

"நீ காட்டின லெட்டர்ல மேலயே போட்டிருந்துச்சே. 'பார்வை: தாங்கள் கேட்டு எழுதிய கடிதம்'னு. தேதியோட இருந்துச்சு."

சங்கம் எதில் தவறினாலும் கடிதம் எழுதும் முறையில் தவறாது. அடைக்கலசாமி முத்திரையை மட்டும் பார்த்தவர், மேல் வரியைப் படித்ததே இல்லை.

"அப்பவே ஏம்மா என்னக் கேக்கல?"

"கேட்டா இன்னொரு லெட்டர் வாங்கினு வருவ. நீயா ஒரு நாள் சொல்லுவேன்னுதான் பா வருஷா வருஷம் வந்து உன் வாசல்ல நின்னுகினு இருந்தேன்."

அடைக்கலசாமிக்கு அழுகைதான் வந்தது. பந்தலில் ஐம்பது அறுபது பேர், அத்தனையும் மாப்பிள்ளை வீட்டு ஜனம், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதார்.